'ஆளைக் காணவில்லை': வடக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சிறுமியின் பென்சிலின் ஊசிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்நிகழ்வு ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், அதன் தலைநகரான டார்வினிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஒரு பூர்வகுடிக் குடியிருப்பில் நடந்தது. மழைக்காலத்தில் ஆறுகள் பெருகிச் செம்மண் சாலை துண்டிக்கப்பட்டுவிடும். அந்த மாதங்களில் சிறு விமானம் ஒன்றே வழி. ஊர் மருத்துவ நிலையத்தில் செவிலியர்கள் சிலரும், அதே ஊரைச் சேர்ந்த பூர்வகுடி நலப்பணியாளரான பெண்மணி ஒருவரும் இருந்தனர். மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வந்துபோவார். நலப்பணியாளர் என்பது ஏதோ துணை வேலை அன்று. 2012 முதல் செவிலியர், மருத்துவர் போலவே தேசிய அளவில் பதிவுபெற்றுச் செய்ய வேண்டிய தொழில் அது. இதை எழுதுபவர் அந்நிலையத்தின் செவிலியர்களில் ஒருவர். குடும்பத்தின் இசைவுடன், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி இது எழுதப்படுகிறது.

நோய் ருமாட்டிக் காய்ச்சல். 'ஏ' வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையைத் தாக்கிய சில வாரங்களில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்கத் தொடங்குவதால் இது வருகிறது; தோலில் வரும் கிருமிப் புண்களுக்கும் இதில் பங்குண்டு என்ற கருத்து வடக்கு ஆஸ்திரேலிய அனுபவத்தில் வலுத்து வந்திருக்கிறது. மூட்டுவலி சில நாள்களில் போய்விடும். இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. மறுபடி ஒரு தாக்குதல் வந்தால் தழும்பு தடிக்கும். அதைத் தடுக்க நம்பத்தகுந்த வழி, பென்சத்தீன் பென்சிலினை 28 நாள்களுக்கு ஒரு முறை தசையில் ஆழமாக ஊசியாகச் செலுத்துவது. தமிழ்நாட்டில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை இதே ஊசியைப் போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வலியை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் பெருநகரங்களில் இந்நோய் ஏறத்தாழ மறைந்துவிட்டது. வடக்குப் பிரதேசத்துப் பூர்வகுடியினரிடையே பதிவாகும் விகிதமோ உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. பிரதேசத்தின் வடபகுதியில் 1997 முதல் நோயாளிப் பதிவேடு இயங்கிவருகிறது. யாருக்கு எந்தத் தேதியில் ஊசி என்ற பட்டியல் அதன் வழியே ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்துசேர்கிறது. ஆகவே மருந்து இருந்தது, பட்டியல் இருந்தது, வழிகாட்டி நூல் இருந்தது.

கோப்பில் இருந்தது

சிறுமிக்கு ஒன்பது வயதில் முதல் தாக்குதல் வந்தது. காய்ச்சலோடு முழங்காலில் தொடங்கிய வலி கணுக்காலுக்கு மாறியது. எக்கோவில், அதாவது இதயத்தை ஒலியலையால் எடுக்கும் படத்தில், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வில் இலேசான கசிவு தெரிந்தது. வழிகாட்டியின்படி அவளுக்கு 21 வயது வரை ஊசி தேவைப்பட்டது. 28 நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 13. அவற்றில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல், அதாவது 11 ஊசியாவது போடப்பட வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் இலக்கு. அவளுடைய பன்னிரண்டாம் வயதில், கடந்த ஓராண்டுக் கணக்கைப் பார்த்தபோது, போடப்பட்டவை 5.

விடுபட்ட ஒவ்வொன்றுக்கும் கோப்பில் ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தது. 'ஆளைக் காணவில்லை' என்பதே மிகுதி. 'தாய் தொலைபேசியை எடுக்கவில்லை', 'மறுத்துவிட்டாள்' என்பவை அடுத்தபடி. இவற்றின் கீழே, வெவ்வேறு கையெழுத்துகளில், ஒரே பரிந்துரை திரும்பத் திரும்ப வந்தது: குடும்பத்துக்கு விழிப்புணர்வு தேவை. அதன்படி பள்ளியில் படவிளக்கக் கூட்டம் நடத்தப்பட்டது; காத்திருப்பு அறையில் இதயத்தின் பெரிய வண்ணப்படம் ஒட்டப்பட்டது. நலவாழ்வு மேம்பாடு என்ற பெயரில் எங்கும் முதலில் அச்சாவது சுவரொட்டிதான். 1986-இல் கனடாவின் ஒட்டாவாவில் ஏற்கப்பட்ட நலவாழ்வு மேம்பாட்டுச் சாசனம் ஐந்து செயல்தளங்களைச் சொன்னது: கொள்கை, சூழல், சமூகத்தின் செயல், தனிமனிதத் திறன், மருத்துவச் சேவையின் மறுசீரமைப்பு. இவற்றுள் நான்காவதை மட்டும் பிடித்துக்கொண்டு, தெரியாததால்தான் அவர்கள் வரவில்லை என்று முடிவுகட்டுவது நிலையங்களுக்கு வசதியாக இருக்கிறது, ஏனெனில் அப்போது நிலையம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

மறு தாக்குதல்

மழைக்காலத்தின் இறுதியில், முந்தைய ஊசி போட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்த நிலையில், சிறுமி காய்ச்சலுடனும் வீங்கிய முழங்காலுடனும் வந்தாள். நடந்தாலே மூச்சு வாங்கியது. விமானத்தில் டார்வினுக்கு அனுப்பப்பட்டாள். மைட்ரல் கசிவு இலேசான நிலையிலிருந்து மிதமான நிலைக்கு உயர்ந்திருந்தது. இதன் பொருள் தெளிவானது. 21 வயதில் முடிந்திருக்க வேண்டிய ஊசி இனி 35 வயது வரை தொடர வேண்டும்.

அவள் ஊர் திரும்பியதும் நிலையம் இந்த நிகழ்வைத் தனியே மறுபரிசீலனை செய்தது. பட்டியலை இன்னும் கடுமையாகப் பின்தொடர்வது, பள்ளிக்கே போய் ஊசி போடுவது என்ற இரு யோசனைகள் முதலில் வந்தன. நலப்பணியாளர் இரண்டையும் ஏற்கவில்லை. "முதலில் வண்டியைப் பற்றிப் பேசுவோம்," என்றார்.

வண்டி, சீட்டு, அண்ணன் முறை

ஊசித் தேதி வந்தவர்களின் பெயர்களைச் சிறு சீட்டுகளில் எழுதி ஓட்டுநரிடம் கொடுப்பது நிலையத்தின் வழக்கம். அவர் வீட்டுக்கோ பள்ளிக்கோ போய் ஆளை ஏற்றிவருவார். சீட்டின் அடியில் மூன்று கட்டங்கள் இருந்தன: வந்தார், மறுத்தார், காணவில்லை. திரும்பியதும் ஓட்டுநர் ஒன்றில் குறியிட்டுக் கொடுக்க வேண்டும்.

ஓட்டுநர் அந்தச் சிறுமிக்கு அண்ணன் முறை. உடன்பிறந்தவர் அல்லர், ஆனால் அவ்வூரில் உறவு என்பது பிறப்போடு நிற்பதில்லை, எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு முறை. அண்ணனும் வளர்ந்த தங்கையும் ஒருவரை ஒருவர் தவிர்த்து நடப்பது அங்கே மரியாதையின் அடிப்படை. அவள் பெயரை அவர் வாயால் சொல்லக் கூடாது. அவள் உடம்பைப் பற்றிய பேச்சு அவர் காதில் விழக் கூடாது. அவளைத் தனியே ஏற்றிக்கொண்டு அவர் வண்டி ஓட்டக் கூடாது. பள்ளி அலுவலகத்தில் நின்று அவள் பெயரைச் சொல்லி, ஊசிக்கு வந்திருக்கிறேன் என்று கேட்பது அவரால் செய்யவே முடியாத காரியம். அவர் ஒவ்வொரு முறையும் பள்ளி வாசல் வரை போனார், வண்டியைச் சற்று நேரம் நிறுத்திவைத்தார், திரும்பி வந்தார். அவர் கையில் இருந்த சீட்டில் அவருக்குப் பொருந்தும் கட்டம் எதுவும் இல்லாததால், மூன்றில் யாரையும் புண்படுத்தாத ஒன்றில் குறியிட்டார்.

ஓட்டுநரின் அனுமதியைப் பெற்ற பிறகே நலப்பணியாளர் இதைச் சொன்னார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார். அது குற்றச்சாட்டாக வரவில்லை, தகவலாகத்தான் வந்தது.

தாய் பற்றிய பதிவும் இதே வகைதான். பெற்ற தாய் சிறுநீரகச் செயலிழப்பால் இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கேத்ரின் நகரில் தங்கியிருந்தார். வாரத்தில் மூன்று நாள் எந்திரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும் அவரைத்தான் நிலையம் ஒவ்வோர் ஊசி நாளிலும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தது. சிறுமியை வளர்த்தவர் தாயின் தங்கை. அவளுக்கு அவரும் அம்மாதான். முடிவெடுக்கும் மூத்தவர் தாயின் தாய். எந்தப் பெரிய விஷயமும் தாய்மாமனுக்குத் தனியே தெரிவிக்கப்பட வேண்டும். சின்னம்மா, பெரியம்மா என்று அழைத்தும், தாய்மாமன் இல்லாமல் காதுகுத்தக்கூட முடியாமலும் வளர்ந்த தமிழருக்கு இதில் புதிராக எதுவும் இல்லை. ஆனால் படிவத்தில் 'தாய்' என்பதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

பாட்டி வீட்டுத் திண்ணையில்

அடுத்த சந்திப்பை நிலையத்தில் வைக்காமல் பாட்டியின் வீட்டில் வைப்பதென முடிவாயிற்று. யார் வர வேண்டும், யார் முதலில் பேச வேண்டும் என்பதை நலப்பணியாளர் தீர்மானித்தார். பேச்சு ஊர்மொழியிலும், ஆங்கிலம் கலந்து உருவான பொதுமொழியான கிரியோலிலும் நடந்தது. தம்மிடம் கேட்டால் மட்டும் செவிலியர் விடை சொன்னார். தாய்மாமனிடம் அன்று காலையிலேயே வேறொருவர் வழியாகச் சொல்லப்பட்டிருந்தது.

டார்வினில் எடுத்த எக்கோவின் அசையும் படத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினோம். வால்வு திறந்து மூடும் ஒவ்வொரு துடிப்பிலும், மூடிய பிறகும் பின்னோக்கிப் பீறிடும் இரத்தம் நீலமும் மஞ்சளும் கலந்த தீற்றலாகத் திரையில் தெரிந்தது. முழுவதும் சாத்த முடியாத கதவு போல இருக்கிறது என்று சின்னம்மா சொன்னார். பாட்டி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது எப்போதிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"மூன்று வருடமாக, பாட்டி."

"அப்படியானால் அன்றைக்கே இதை எனக்குக் காட்டியிருக்க வேண்டும். அந்தச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறீர்களே, அது யாருடைய இதயம்?"

சிறுமியிடம் நலப்பணியாளர் பிற்பாடு தனியே பேசினார். ஊசி வேண்டாம் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. காத்திருப்பு அறையில் பள்ளிப் பையன்கள் உட்கார்ந்திருக்கும்போது செவிலியர் அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவது அவளுக்குப் பெரும் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் புதிய செவிலியர்; ஒவ்வொருவரும் முதல் கேள்வியாக, போன மாதம் ஏன் வரவில்லை என்றார்கள். மருந்து குளிராக இருந்தது, அவசரமாகச் செலுத்தினார்கள், இரண்டு நாள் நொண்ட வேண்டியிருந்தது. 'மறுத்துவிட்டாள்' என்று பதிவான நாள்கள் இவை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் மாற்றம் சீட்டில் நடந்தது. நான்காவதாக ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது: 'வேறொருவர் அழைக்க வேண்டும்'. காரணத்தை எழுத இடம் வேண்டுமென்றே வைக்கப்படவில்லை. ஓட்டுநருக்கோ வேறு எந்த ஊழியருக்கோ எந்த உறவுமுறை தடையாக இருக்கிறது என்று நிலையத்துக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. வேறு ஆள் போக வேண்டும் என்று தெரிந்தால் போதும். வடக்குப் பிரதேச நலவாழ்வுத் துறை 2016 முதல் 2026 வரைக்கென வகுத்த பூர்வகுடிப் பண்பாட்டுப் பாதுகாப்புச் சட்டகம் கேட்பதும், என் பார்வையில், இதைத்தான். புதிதாகச் சேரும் ஊழியருக்கு ஒரு நாள் பண்பாட்டுப் பயிற்சி தரப்படுகிறது. அந்த அறிவு அவர் மாற்றலாகிப் போகும்போது அவரோடு போய்விடுகிறது. சீட்டில் ஏறிய கட்டம் அங்கேயே இருக்கும்.

பெண்பிள்ளைகளின் அழைப்புப் பட்டியல் ஓட்டுநரிடமிருந்து நலப்பணியாளரிடம் மாறியது. குடும்பத்தின் விருப்பப்படி, பள்ளியில் உதவியாசிரியராக இருந்த சின்னம்மா அவளை நடத்தியே அழைத்துவரலானார். படிவத்தில் ஒற்றைத் தாய்க்குப் பதிலாக உறவினர் நால்வர் இடம்பெற்றனர். கேத்ரினிலிருந்த தாய், தன்னிடம் அனுமதி கேட்க வேண்டாம் என்றும், ஊசி போட்டதும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்; அப்படியே செய்யப்பட்டது.

நிலையத்தின் பின்தாழ்வாரத்தில் பொருள்கள் அடைந்துகிடந்த அறையைக் காலிசெய்து, பிற்பகல் நேரத்தில் பெண்களுக்கென ஒதுக்கினோம். அதற்குத் தனி வாசல் இருந்தது. காத்திருப்பு அறை வழியே போக வேண்டியதில்லை, பெயரைக் கூப்பிடவும் வேண்டியதில்லை.

ஊசி போடும் முறையைச் சிறுமியே சொல்ல, அது அவள் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மருந்துக்குழலைச் சில நிமிடங்கள் அவளே உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவாள். இடது பக்கமா வலது பக்கமா என்று அவள் சொல்வாள். இடுப்பின் பக்கவாட்டில் இடத்தைத் தேர்ந்து, கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு ஊசியைச் செலுத்தி, மாவு போலக் கெட்டியான அந்த மருந்தை இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக இறக்க வேண்டும். இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. வலியைக் குறைக்க வழிகாட்டிகள் முன்பே சொல்லியிருப்பவைதான். நிரம்பி வழியும் காலை நேரத்தில் அந்த மூன்று நிமிடம் யாருக்கும் கிடைக்கவில்லை என்பதே குறை. போன மாதம் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது என்பதும் அதே பக்கத்தில், அவள் சொன்னபடி, எழுதப்பட்டது.

வீடு

மருத்துவ நிலையம் எத்தனை மரியாதையோடு நடந்துகொண்டாலும், ஊசி என்பது கிருமி வந்த பிறகு இதயத்தைக் காப்பதற்கான ஏற்பாடுதான். கிருமி பரவிய இடம் வீடு. மூன்று படுக்கையறை கொண்ட அந்த வீட்டில் பதினான்கு பேர் இருந்தனர். குளியலறைச் சாக்கடை அடைத்திருந்தது, சுடுநீர் வரவில்லை, துணி துவைக்கும் எந்திரம் பழுதாகி மூலையில் நின்றது. சிறு பிள்ளைகள் நால்வருக்குக் கால்களில் சிரங்கு இருந்தது.

1987-இல் தென் ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜாரா நிலப்பகுதியில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு, நோயைத் தடுக்க வீடு எவற்றுக்கு இடம்தர வேண்டும் என்று ஒன்பது நடைமுறைகளை வரிசைப்படுத்தியது. உடம்பைக் கழுவுவது முதலாவது, துணியையும் படுக்கையையும் துவைப்பது இரண்டாவது. அந்த வழியில் பின்னர் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்தவர்கள் கண்டது, பழுதுகளில் குடியிருப்போர் சேதப்படுத்தியதால் நேர்ந்தவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது. பெரும்பகுதி பராமரிப்பே இல்லாததால் வந்தவை, எஞ்சியவை முதலிலேயே சரியாகக் கட்டப்படாதவை. கைகழுவக் கற்றுக்கொடுக்கும் கூட்டங்களைக் குழாய் ஓடாத ஊர்களில் நடத்துவோர் இந்தக் கணக்கை ஒரு முறை பார்க்க வேண்டும்.

பாட்டியின் ஒப்புதலுடன் பழுதுகளின் பட்டியலை மருத்துவக் காரணத்தோடு வீட்டுவசதிப் பொறுப்பாளர்களுக்கு நிலையம் எழுதி அனுப்பியது. சாக்கடையும் சுடுநீரும் சில வாரங்களில் சரிசெய்யப்பட்டன. எந்திரத்துக்கு நெடுநாள் ஆயிற்று. நெரிசலைக் குறைக்க இன்னொரு வீடு தேவை. அதற்கான காத்திருப்புப் பட்டியலில் குடும்பத்தின் பெயர் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது.

பின்னர் நடந்தது

அடுத்த ஓராண்டில் போட வேண்டிய 13 ஊசிகளில் 12 போடப்பட்டன. இரண்டு சில நாள் தாமதமாக. அவற்றில் ஒன்று வேறோர் ஊரில் போடப்பட்டது. உறவினர் ஒருவரின் இறப்புச் சடங்குக்காகக் குடும்பம் முழுவதும் வாரக்கணக்கில் அங்கே தங்க வேண்டியிருந்தது. கிளம்புமுன் சின்னம்மா வந்து சொல்ல, அவ்வூர் நிலையத்துக்கு முதல் பக்கக் குறிப்பு அனுப்பப்பட்டது. முன்பாக இருந்தால் இதுவும் 'ஆளைக் காணவில்லை' ஆகியிருக்கும்.

விடுபட்ட ஒன்றின் கதை வேறு. நலப்பணியாளர் விடுப்பில் இருந்த மாதம், தற்காலிகமாக வந்த செவிலியர் ஒருவர் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய சீட்டுக்கட்டை எடுத்துப் பயன்படுத்தினார். அதில் மூன்று கட்டங்களே இருந்தன. ஓட்டுநரும் பழைய இடத்திலேயே குறியிட்டார்.

மறு தாக்குதல் வரவில்லை. ஆண்டிறுதி எக்கோவில் கசிவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு பிள்ளையின் ஓராண்டை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது. அழைப்புப் பட்டியலில் இருந்த மற்றப் பெண்பிள்ளைகளின் வருகையும் கூடியது. பையன்களின் வருகையில் மாற்றம் தெரியவில்லை.

அதே ஆண்டில், அதே வீட்டில், அவளுடைய சின்னம்மாவின் ஆறு வயது மகனுக்கு ருமாட்டிக் காய்ச்சல் உறுதியானது.

இனி மாற்ற வேண்டியவை

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நலப்பணியாளரின் தோளில் நின்றது. உறவுமுறைகள் அவருக்குத் தெரியும் என்பதால் எல்லாச் சிக்கலும் அவரிடமே வந்தன. மாலையிலும் விடுமுறையிலும் அவர் வீட்டு வாசலுக்கே வந்தன. அதற்கு ஊதியம் இல்லை, பணி விவரிப்பிலும் இடமில்லை. இரண்டாவது நலப்பணியாளர் ஒருவரும், பையன்களுக்காக ஆண் நலப்பணியாளர் ஒருவரும் இல்லாமல் இதை வேறு நிலையங்களுக்குப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. ஆண் பணியிடம் ஒப்புதல் பெற்றும் நிரப்பப்படாமல் இருக்கிறது. ஊரிலேயே பயிற்சி தந்தால் சேர ஆளுண்டு, டார்வினுக்குப் போய்ப் படிக்க வேண்டுமென்றால் இல்லை.

வீட்டுப் பழுதுக் கடிதம் மறு தாக்குதலுக்குப் பிறகு எழுதப்பட்டது. முதல் தாக்குதல் உறுதியான வாரத்திலேயே அது போக வேண்டும் என்று இப்போது நிலைய நடைமுறையில் சேர்க்கப்பட்டுள்ளது. ஆறு வயதுச் சிறுவனுக்காக அனுப்பியதே அந்நடைமுறையின்படி சென்ற முதல் கடிதம். எக்கோ படத்தை நோயறிந்த உடனேயே குடும்பத்து மூத்தவர்களுக்குக் காட்டுவதும் சேர்க்கப்பட்டது. பழைய சீட்டுக்கட்டுகள் எல்லா இழுப்பறைகளிலிருந்தும் அகற்றப்பட்டன.

சிறுமி அடுத்த ஆண்டு டார்வினில் விடுதியுடன் கூடிய பள்ளியில் சேர இருக்கிறாள். விடுதியில் அவளுக்கு யார் எந்த முறை என்று அங்குள்ள நிர்வாகத்துக்குத் தெரியாது, ஊசி அறை பொதுவானது. அவள் கோப்பின் முதல் பக்கத்தை அவள் விரும்பும் அளவுக்கு மட்டும் அங்கே அனுப்புவதென்றும், முதல் ஊசிக்குச் சின்னம்மா உடன் செல்வதென்றும் பாட்டி வீட்டில் பேசி முடிவாகியிருக்கிறது. சின்னம்மாவின் விமானக் கட்டணத்தை எந்தக் கணக்கில் கொடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.